கச்சானுக்கு ஒரு மடை

மேற்கிலிருந்து வீச வேண்டிய கச்சான் காற்று எட்டிக்கூடப் பார்க்காமல் ஆவணி கழிந்து, புரட்டாசியும் பாதி போய், உப்பளத்துப் பாத்திகளில் நின்ற தண்ணீர் கஞ்சி மாதிரி கெட்டியாகியும் உப்பாக மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே அளத்தை ஒட்டியிருந்த சிலுவைக் காலனியில், ரெஜினாவின் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து காற்று வீச ஆரம்பித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும்.

ரெஜினா பதினெட்டு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவள். சுற்றுப்பட்டில் யார் தாலி கட்டினாலும், யார் மோதிரம் மாற்றினாலும், அவள் தோளில் கேமராவோடு நடுவில் புகுந்து, மாப்பிள்ளையின் மாமனையே நகர்ந்து நிற்கச் சொல்லும் அதிகாரம் படைத்தவள். எடுத்த எதையும் அழிக்க அவளுக்கு மனசு வராது. பின் அறையில் ஒரு பழைய இரும்புப் பெட்டிக்குள் ஆறு ஹார்டு டிஸ்க்கை அடுக்கி, வீட்டுக்கென்றே ஒரு சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தாள். நானூறு கல்யாணமும் அதற்குள் இருந்தன. அங்கிருந்து ஒரு நீல ஒயர் சுவரோரமாக ஓடி முன் அறைக் கம்ப்யூட்டரில் சொருகியிருந்தது. அன்று பாக்கியலட்சுமியின் கல்யாண வீடியோ இன்னொரு பிரதி வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அதை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்கப் போட்டதும், ஒயர் சொருகிய துளையின் வழியாக மல்லிகைப்பூவும் சாம்பாரும் மணக்க ஒரு தென்றல் வந்து கேலண்டர் தாள்களைப் புரட்டியது. ரெஜினா கேலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

மறுநாளே காலனிப் பெண்கள் தலை குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு அவள் வீட்டில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். யாரோ வடகம் கொண்டுவந்தார்கள், யாரோ துவைத்த துணி கொண்டுவந்தார்கள். எந்தக் காற்று எதற்கு ஆகும் என்பது இரண்டே நாளில் எல்லோருக்கும் அத்துப்படி ஆகிவிட்டது: தை மாசத்துக் கல்யாணங்களில் ஈரமில்லாத வாடைக்காற்று இருந்தது, வைகாசிக் கல்யாணங்களில் அசல் கச்சான் இருந்தது, மண்டபத்துக்குள் கதவை அடைத்துக்கொண்டு நடந்த கல்யாணங்களில் மின்விசிறிக் காற்றுக்கு மேல் ஒன்றும் தேறவில்லை, அப்படிக் கல்யாணம் செய்தவர்களை மற்றவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து காற்று வருமா என்று யாரும் கேட்கவில்லை. வெளியிலிருந்து வராத காற்று எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஒரு முறை வெளியே வந்த காற்று வந்ததுதான்; படத்துக்குள் திரும்பப் போகவில்லை. பாக்கியலட்சுமியின் கல்யாணத்தில் இப்போது மாலைகள் ஆடாமல் தொங்கின, ஊதுபத்திப் புகை கம்பு நட்டது போல நேராக நின்றது. மாப்பிள்ளை பிச்சையாவுக்கு மட்டும் அதில் பெரிய சந்தோஷம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் அவர் வேட்டி பறந்து, உள்ளே போட்டிருந்த பூப்போட்ட டவுசர் தெரிந்ததை வைத்துப் பதினோரு வருஷமாக அவரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது வீடியோவில் வேட்டி கால்மேல் படிந்து, மனிதர் மரியாதையாக நடந்து வந்தார். ரெஜினாவுக்குக் கால் கிலோ அல்வா வாங்கி வந்து கொடுத்தார்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. காற்று போன படங்களில் அதுவரை இரைச்சலில் அமுங்கிக் கிடந்த பேச்செல்லாம் கணீரென்று கேட்கத் தொடங்கியது. அமலோற்பவத்தின் கல்யாண வீடியோவில், பொண்ணுக்கு மூக்கு கொஞ்சம் சப்பைதான், என்ன செய்ய என்று அவள் மாமியார் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னது இப்போது தெளிவாக விழுந்து, தெருக்குழாயடியில் மாமியாரும் மருமகளும் குடத்தை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். காலனி முழுக்கச் சிரித்தது. ரெஜினாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் அவள் பின் அறைக் கதவை அடைத்துக்கொண்டு சர்வர் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், சாப்பிடக் கூப்பிட்டபோதும் பசிக்கவில்லை என்றாள்.

கூப்பிட்டவள் செல்வி. ரெஜினாவின் தம்பி லூர்துவின் மனைவி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில் லூர்து கரையில் கிடந்த தன் படகைக் கட்டப் போனவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து இரண்டு பெண்களும் அந்த ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். செல்வி விடியற்காலை அளத்துக்கு உப்பு வாரப் போவாள், பதினோரு மணிக்கு வந்து உலை வைப்பாள். அந்த வீட்டில் சோறு வடிப்பது எப்போதும் அவள்தான்.

அந்த அளம் காலனியின் நாற்பது குடும்பம் சேர்ந்து ஒரு உப்புக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஒரு வருஷம் உப்பு வாராமல் போட்டால் அளத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. எடுத்துக்கொள்ளக் கம்பெனிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஐப்பசி மழை வந்து பாத்தியில் விழுந்தால் எட்டு மாச உழைப்பு வந்த கடலுக்கே கரைந்து போகும். அதனால் கங்காணி மாசாணமுத்து, வடகம் காய வைக்கிற காற்று உப்பையும் காய வைக்கும்தானே என்ற நியாயமான யோசனையோடு ரெஜினாவின் வாசலில் வந்து நின்றார். நாலு பேர் சேர்ந்து கம்ப்யூட்டரைத் தூக்கிப்போய் அளத்து வரப்பில் இருந்த ஓலைக்கொட்டகையில் வைத்தார்கள், பம்பு செட்டுக் கரண்டைக் கொடுத்தார்கள், வீட்டிலிருந்து எண்பது மீட்டருக்கு ஒயர் இழுத்தார்கள். ஒரு வைகாசிக் கல்யாணம் ஓடியது. அறுபது பாத்தியில் இரண்டு பாத்தித் தண்ணீர் மட்டும் லேசாகச் சிலிர்த்தது.

மாசாணமுத்து குனிந்து ஒயர் சொருகிய துளையை ஒரு கண்ணால் பார்த்தார். இவ்வளவு பெரிய தெப்பக்குளத்தில் இவ்வளவு காற்றைத் தேக்கி வைத்துவிட்டு மடையை இப்படியா எலிப்பொந்து மாதிரி வைப்பது என்று கேட்டார். அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் நெட்வொர்க் கார்டு என்பதை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. பெட்டிக்குள் இருந்தது ஒரு ஜிகாபிட் கார்டு. அதன் வேகத்துக்கு மேல் ஒரு சொட்டும் வெளியே வராது. இதைவிட வேகமான கார்டு இருக்கிறது என்று ரெஜினா சொன்னதும், அப்படியானால் இந்தப் பக்கம் மட்டும் அகலப்படுத்திப் புண்ணியமில்லை, அந்தப் பக்கத்து வாய்மடையையும் சேர்த்து வெட்டணும், நடுவில் ஓடுகிற வாய்க்காலும் அதற்குத் தக்க இருக்கணும் என்று அளத்து ஆட்கள் அவளுக்கே பாடம் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் பணத்தைத் தொலைத்த பிறகு கற்றுக்கொள்கிற விஷயம் அது.

கொட்டகையில் கூட்டம் கூடியது. இரண்டு வழி இருக்கிறது என்றாள் ரெஜினா. இரண்டரை ஜிகாபிட் கார்டு ஒன்று உண்டு. சின்னது, சூடாகாது, இப்போது இழுத்திருக்கிற ஒயரே போதும். பத்து ஜிகாபிட் கார்டு ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகளின் சர்வரிலிருந்து கழற்றி மதுரையில் பழசாக விற்கிறார்கள். அதற்குக் கண்ணாடி நூல் ஒயர் வேண்டும், அடுப்பு மாதிரி சுடும், வீட்டுப் பெட்டியில் சரிவருமோ வராதோ. இரண்டரையே போதும் என்று நினைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். மாசாணமுத்து பத்துதான் சரி என்றார். மற்றவர்கள் விவரம் தெரிந்த பிள்ளை சொல்லட்டும் என்று முடிவை அவளிடமே விட்டார்கள். செல்வி கூட்டத்தின் ஓரத்தில் உப்பு தின்ற பாதங்களை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரெஜினா பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்ன காரணத்துக்கும் அவள் மனசுக்கும் சம்பந்தமே இல்லை. நானூறு கல்யாணத்துக்கு அடியில், சர்வரில், வெறும் தேதியை மட்டும் பெயராக வைத்து ஒரு வீடியோ கிடந்தது. பதினோரு நிமிஷம். அது லூர்து போன புயல். கரையில் அவள்தான் கேமராவோடு நின்றாள். பின்னால் அலை எழும்பும்போது தம்பி முன்னால் நிற்கும் படம் வேண்டுமென்று அவனை நிற்கச் சொன்னாள், சரியாக வரவில்லை என்று மறுபடியும் நிற்கச் சொன்னாள். படகைக் கட்ட வேண்டிய கயிறு அவன் கையிலேயே இருந்தது. பிறகு அவன் கையை வாயருகே குவித்து என்னவோ கத்திச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான், ஓடியவனை ஒரு அலை எடுத்துக்கொண்டது. அவன் சொன்னது காற்றில் கேட்கவில்லை. வீடியோவிலும் காற்றின் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை, அவள் குரல்கூட. கேமரா நனைந்து எல்லாம் போச்சு என்று வீட்டில் சொல்லிவிட்டாள். லூர்து தானாகத்தான் போனான் என்றும் சொல்லிவிட்டாள். அவன் கடைசியாகச் சொன்னது தன்னைத் திட்டியதாகத்தான் இருக்கும் என்று ஆறு வருஷமாக அவள் நம்பினாள்.

காற்று வர ஆரம்பித்த மூன்றாம் நாள், யாருமில்லாத நேரத்தில், அந்த வீடியோவை ஒரு முறை நகல் எடுக்கப் போட்டுப் பார்த்திருந்தாள். நானூறு கல்யாணத்தை விழுங்குகிற பெட்டிக்குப் பதினோரு நிமிஷம் எம்மாத்திரம். ஆனால் திரையில் பச்சைக் கோடு நகரவே இல்லை. மீதி நேரம் நாற்பது நாள் என்று காட்டியது. கடற்பாசியும் டீசலும் மணக்கும் ஒரு காற்று அவள் முகத்தில் அடித்தது. பதறிப்போய் நிறுத்திவிட்டாள். மழைக்கு முன்னால் அளத்தைக் காய வைக்கிற காற்று அதற்குள் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதே தெரியும். பத்து ஜிகாபிட் மடை வைத்தால் அது நாலே நாளில் வெளியே வரும், வந்த பிறகு படத்தில் அவள் குரல் மட்டும் மிஞ்சும் என்பதும் தெரியும்.

மதுரையில் அந்தக் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரர் இரண்டு கார்டையும் கண்ணாடிமேல் வைத்தார். பத்து ஜிகாபிட் கார்டைத் தொட்டுக் காட்டி, இது சூறாவளி மாதிரி விசிறி சுத்துற பெட்டிக்குள்ள இருந்து பழகினது, வீட்டுப் பெட்டியில காத்து பத்தாம வெந்துடும், மேலே ஒரு சின்ன விசிறியைக் கட்டிடுங்க என்றார். காற்று வாங்க வந்த இடத்தில் கார்டே காற்று கேட்டது. ரெஜினா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், கனமாக இருந்தது, கீழே வைத்தாள். நாற்பது குடும்பமும் பேருந்து நிலையம் வரை வந்து வழியனுப்பியதை நினைத்தாள். இரண்டரையில் ஒரு ஜோடி கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் பையைத் திறந்து பிடித்தாள்.

இரண்டரையைப் பொருத்தியதும் எட்டுப் பத்துப் பாத்தியில் தண்ணீர் சுருக்கம் விழுந்து ஓரங்களில் வெள்ளைப் படலம் கட்டியது. அவ்வளவுதான். அதற்கே காலனி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மாசாணமுத்துகூட வந்து, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தாயி, நம்ம நேரம் இவ்வளவுதான் என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ரெஜினாவுக்கு அன்று சோறு இறங்கியிருக்கும். கிழக்கே கடலுக்கு மேல் மேகம் தினமும் ஒரு முழம் ஏறிக்கொண்டிருந்தது. எட்டு நாளில் மழை என்று வானொலி சொன்னது.

அன்று பதினோரு மணிக்கு அளத்திலிருந்து வந்த செல்வி உலை வைத்தாள், அரிசி களைந்து போட்டாள், பிறகு பின் அறை வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, அந்தப் புயல்ல எடுத்தீங்கள்லா, அதுல காத்து இருக்குமே."

கேமரா நனைந்துவிட்டதே என்று ரெஜினா சொல்ல வாயெடுத்தாள்.

"நனஞ்சு போச்சுன்னுதான் சொன்னீங்க. அடுத்த மாசம் மிக்கேல் வீட்டுக் கல்யாணத்த அதே கேமராவுலதான் எடுத்தீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." செல்வியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். ஆறு வருசம் ஆச்சு."

 ஆறு வருஷமாக இவள் வடித்துப் போட்ட சோற்றையா நான் தின்றுகொண்டிருந்தேன் என்று ரெஜினா நினைத்தாள். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"அதுல என் குரலும் இருக்கு, செல்வி."

"இருக்கட்டும். அளம் போயிரக் கூடாது" என்று சொல்லிவிட்டு செல்வி சோற்றைப் பதம் பார்க்கப் போனாள்.

ரெஜினா அடுத்த பேருந்திலேயே மதுரைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்; அவர் கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் பெரியதை மாற்றிக் கேட்டுத்தான் வருவார்களாம். கண்ணாடி நூல் ஒயரை அளத்து ஆட்கள் மடங்காமல் ஒடியாமல், பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வரப்போரமாகப் போட்டார்கள். கார்டின் மேல் ரெஜினா ஒரு சின்ன விசிறியை நூலால் கட்டினாள். பத்து ஜிகாபிட் மடை திறந்ததும் மிச்சமிருந்த கல்யாணங்கள் எல்லாம் மூன்று நாளில் தீர்ந்தன. மல்லிகையும் பிரியாணியும் சந்தனமும் மாறி மாறி மணக்க, அறுபது பாத்தியிலும் தண்ணீர் அலையடித்தது, பாதி கெட்டிப்பட்டது. அதோடு காற்று நின்றது. மழைக்கு நாலே நாள் இருந்தது. ஆட்கள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கொட்டகையைப் பார்த்தார்கள்.

ரெஜினா எல்லோரையும் கொட்டகையை விட்டுத் தள்ளிப் போகச் சொன்னாள். கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொன்னாள். கயிறு என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவள் நாக்கு இடறியது. செல்வி மட்டும் போகவில்லை, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சேலையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு நின்றாள். ரெஜினா அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்து நகல் எடுக்கப் போட்டாள். மீதி நேரம் நாலு நாள் என்று காட்டியது.

பிறகு வந்த காற்றைப் பற்றி காலனியில் அதிகம் பேசுவதில்லை, பேச என்ன இருக்கிறது, எல்லோரும்தான் அதில் நின்றார்கள். மழை அந்த வீடியோவில் வெறும் படமாகத்தான் இருந்தது, அதனால் நனைக்கவில்லை. காற்று மட்டும்தான் இருந்தது, அது முழுசாக வந்தது. முதல் நாள் கொட்டகைக் கூரை போனது, இரண்டாம் நாள் பெண்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று பாத்தியைக் கிளறினார்கள், மூன்றாம் நாள் மேகமே ஒதுங்கிப் போய் இலங்கைப் பக்கம் நின்றது, பிச்சையாவின் வேட்டி நிஜமாகவே பறந்து போய் உடைமரத்து முள்ளில் மாட்டிக்கொண்டபோது சிரிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. கார்டு கொதித்தது. ரெஜினா இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அது அணைந்துவிட்டால் என்ன செய்வது என்றும், அணைந்துவிட்டால் நல்லது என்றும் ஒரே நேரத்தில் நினைத்தாள். நாலாம் நாள் காலையில் பச்சைக் கோடு கடைசி வரை போய்ச் சேர்ந்தது, காற்று நின்றது. அறுபது பாத்தியும் கண் கூசுகிற வெள்ளையில் உப்பாக உட்கார்ந்திருந்தன. நாற்பது குடும்பமும் பலகையோடு இறங்கியது.

ரெஜினா கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும்போது செல்வி கூடவே வந்தாள். உப்புப் படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, போடுங்க என்றாள். ரெஜினா போட்டாள்.

திரையில் அலைகள் பனை உயரத்துக்கு எழும்பின, தென்னைகள் அசையாமல் நின்றன. லூர்துவின் சட்டை காற்றில்லாமல் உடம்போடு படிந்திருந்தது, கையில் கயிற்றுச் சுருள். எந்த இரைச்சலும் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து ரெஜினாவின் குரல் மிக அருகில் கேட்டது.

"ஏலேய், அங்கனயே நில்லு. அல சரியா வரல. இன்னொரு தடவ."

செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. ரெஜினா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள், திட்டு விழப்போகிறது என்று. லூர்து கையை வாயருகே குவித்தான்.

"ஏக்கா, நீ வீட்டுக்குப் போ. செல்விட்ட சோத்த வடிக்கச் சொல்லு. இதக் கட்டிட்டுப் பத்து நிமிசத்துல வந்துருதேன்."

அவ்வளவுதான் அவன் சொல்லியிருந்தான். செல்வி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். தூரத்தில் அளத்தில் நாற்பது பலகைகள் உப்பு வாரும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

ரெஜினா போட்டாள். அவள் குரல் மறுபடியும் அவனை நிற்கச் சொன்னது, அவன் மறுபடியும் சோறு வடிக்கச் சொன்னான். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு செல்வி எழுந்தாள், அழவில்லை. முகத்தைக் கழுவினாள், மூலையில் சாத்தியிருந்த பலகையை எடுத்துத் தோளில் வைத்தாள், வாசல் வரை போனவள் நின்றாள்.

"நான் அளத்துக்குப் போறேன், மதினி. இன்னைக்குச் சோத்த நீங்க வடிங்க."

அவள் போன பிறகு ரெஜினா அடுப்பைப் பற்ற வைத்து உலை ஏற்றினாள். ஆறு வருஷமாக அரிசி அளந்து பழக்கமில்லாத கை, மூன்று பேருக்குப் போட்டுவிட்டது.